கழுவாத ஜோடி

மார்ச் 3

மச்சானுக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்களும் கத்துவீர்கள், அக்கா போனைப் பிடுங்கி அணைத்துவிடுவாள். போன வாரம் அதுதானே நடந்தது? அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் மாஸ்டராக இருந்த பேக்கரியை விட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனீர்கள். மறுநாள் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். அக்கா போனில் சொன்னதை வைத்து, மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், அங்கேயே ஒரு பேக்கரியில் வேலையும் கிடைத்துவிட்டது என்றேன். "எங்ககிட்ட சொல்லாமலா?" என்றார் அடுப்புக்காரர். ரொட்டி வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்புறம் முதலாளி வந்து, "இனிமே நீதான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டேனா? இல்லை. வேண்டாம் என்றேனா? அதுவும் இல்லை.

எல்லாம் நீங்கள் விட்டுப்போன மாதிரியே நடக்கிறது. காலையில் மாவு பிசையும் இயந்திரத்தைத் தட்டி, "யானை, எழுந்திரு" என்று சொல்லித்தான் ஸ்விட்ச் போடுகிறேன். உங்கள் சனிக்கிழமை வேலையையும் விடவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் டீ குடிக்கிற நேரத்தில், பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, அத்தனை பேருடைய ரப்பர் பூட்ஸையும் மாஸ்டர்தான் கழுவ வேண்டும் என்பது உங்கள் சட்டம். காய்ந்த மாவு சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நகம் எல்லாம் போயிற்று. இருந்தாலும் கழுவுகிறேன்.

ஒரு ஜோடியைத் தவிர. யாருடையது என்று நீங்களே சொல்வீர்கள். தராசுடையது. மாவையும் உப்பையும் அவன் நிறுக்கிற அழகைப் பார்த்து நீங்கள்தானே அந்தப் பெயரை வைத்தீர்கள்? போன மாதம் ஒரு நாள் மாவு எழும்பவே இல்லை. அத்தனையும் குப்பைக்குப் போனது. ஈஸ்ட் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவன் குறுக்கே வந்து, "ஈஸ்ட் நல்லாத்தான் இருக்கு. மாஸ்டருக்குத்தான் கவனம் இல்லை" என்றான். எல்லோர் முன்னாலும். அந்தச் சனிக்கிழமை அவன் பூட்ஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைக் கழுவினேன். இன்றுவரை அப்படித்தான். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு அப்புறம் பார்க்கலாம்.

மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

ஆண்டவர் உன் கோபத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும், முழுவதும் வேண்டாம். கோபம் இல்லாவிட்டால் நீ எழுதியிருக்கவே மாட்டாய்.

சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன். அதுதான் உண்மை. அன்றைக்கு வாசல் வரை வந்து மறுபடி உள்ளே போனேன். நீ யானைக்குள் தலையை விட்டு ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தாய். அடுப்புக்காரர் ரேடியோவைத் தலையில் தட்டி அதட்டிக்கொண்டிருந்தார். மேல் ஜன்னல் வழியாக வெயில் விழுந்து மாவுத் தூசி பறந்தது. இதை விட்டுப் போகிறேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உன் அக்கா என்னைப் பார்த்து, "என்ன, கண்ணுல மாவு விழுந்துடுச்சா?" என்று கேட்டாள். கிண்டல் பண்ணுவதற்கு நேரம் காலம் பார்க்க மாட்டாள், உனக்குத் தெரியும்.

இங்கே பெரிய பேக்கரி. பேக்கரி என்பதைவிடத் தொழிற்சாலை. எல்லாம் இயந்திரம். ரொட்டி வரிசையாக வருகிறது, ஆனால் வாசனையைக் காணோம். நம் இடத்தில் முதல் தட்டு வெளியே வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மூச்சு இழுப்போமே, அதை நினைத்துக்கொள்கிறேன். எனக்கு இங்கே நல்ல இடம்தான். சீனியர் என்று மரியாதை.

தராசு விஷயம். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுக்கப் பிடிக்கவில்லை. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவ உட்கார்ந்த அன்றைக்கு, அந்தப் பன்னிரண்டு பேரில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் இருந்தான். ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் கேட்டதுதான். அவன் காலை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாரா? மற்றவர்கள் எல்லோருடையதையும் கழுவி ஒருவனுடையதை விட்டால், நீ கழுவியது எதுவுமே கணக்கில் வராது, மாப்பிள்ளை. வரிசையாக மின்னுகிற பூட்ஸ் பக்கத்தில் ஒரு ஜோடி மாவோடு நிற்பதை அவன் வாராவாரம் பார்க்கிறான். அறைந்திருந்தால்கூட மறந்திருப்பான்.

வருகிற சனிக்கிழமை கழுவிவிடு.

மச்சான்

உன் அக்கா சொல்கிறாள்: தேங்காய் எண்ணெய் தடவு, நகத்துக்கு நல்லது.


மார்ச் 25

மச்சானுக்கு,

தராசு யூதாஸ் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

தூரத்தில் இருந்துகொண்டு புத்தி சொல்வது சுலபம். நீங்கள் மாஸ்டராக இருந்தபோது யார் உங்களை எதிர்த்துப் பேசினார்கள்? உங்களுக்குத் தலைநரை, ஆலயத்தில் நல்ல பெயர், முதலாளியே எழுந்து நிற்பார். நீங்கள் பூட்ஸைத் தொட்டாலே எல்லோரும் உருகிப்போவார்கள். நான் கழுவினால், "அவன் மச்சான் மாதிரி நடிக்கிறான்" என்கிறார்கள். அது என் காதில் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். போன வாரம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். "உனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகல. ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொல்லு, அவனை அனுப்பிடுறேன். ஈஸ்டர் முடியட்டும், அதுக்குள்ள சொல்லிடு" என்றார். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, ஏதோ டீ வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் படிக்கின்றன. மனைவிக்கு முதுகு வலி, வேலைக்குப் போக முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் வருடம் முழுவதும் ஒரே டப்பாவில்தான் சாப்பிட்டோம், அவன் பங்கில் பாதியை நான் தின்றுவிடுவேன், "உன் வயித்துல என்ன, யானையா இருக்கு?" என்று திட்டுவான். அந்த இயந்திரத்துக்கு யானை என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்டவன் என்னை முதலாளி முன்னால் முட்டாளாக்கினால் எனக்கு வயிறு எரியாதா?

அவன் பூட்ஸைக் கழுவவில்லை. கழுவவும் போவதில்லை. நீங்கள் அங்கே சீனியராக மரியாதையோடு இருங்கள். இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் அக்கா, "என்ன பரீட்சையா எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டப் போவதில்லை. நீயும் சொல்லாதே.

சீனியர் என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. வயதில் நான்தான் சீனியர். வேலை, தட்டு கழுவுவது. மாவைத் தொடக்கூட விடுவதில்லை. எங்கள் ஷிப்டுக்குத் தலைவி ஒரு பெண், நம் பெண் வயதுதான் இருக்கும். கெட்டவள் இல்லை. என் பெயர் அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். "தட்டு" என்று கூப்பிடுகிறாள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழைய ஞாபகம் பொறுக்காமல், எல்லோருடைய பூட்ஸையும் எடுத்துப்போய்க் கழுவி வரிசையாக வைத்தேன். ஆச்சரியப்படுவார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை, நான் கேட்காமலே, பூட்ஸைக் கழற்றி என் பக்கம் எறிந்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவன் அதட்டினான்: "பெரியவரே, என்னோடது சரியா காயல. போன தடவையே சொன்னேன்ல?"

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கையில் இருந்த பிரஷை அவன் மேலேயே எறியலாமா என்று இருந்தது. "நான் யார் தெரியுமா உனக்கு?" என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

அப்புறம்தான் யோசித்தேன். அதே பூட்ஸ், அதே தண்ணீர். அங்கே மாஸ்டராக இருந்து கழுவினேன், அதைத் தாழ்மை என்றார்கள். இங்கே தட்டு கழுவுகிறவன் கழுவுகிறேன், அது என் வேலை என்கிறார்கள். அங்கே கழுவி முடித்து நிமிரும்போது, எல்லோரும் டீக் கிளாஸோடு நின்று என்னைப் பார்ப்பீர்கள், இல்லையா? அந்தப் பார்வைக்காகத்தான் வாராவாரம் உட்கார்ந்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. முழுவதும் அதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாவிட்டால் இவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பேனா? தெரியவில்லை, மாப்பிள்ளை. நிஜமாகத் தெரியவில்லை.

நீ எழுதியது சரி. எனக்குச் சுலபமாக இருந்தது.

தராசு விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. உனக்காகவும் அவனுக்காகவும் ஜெபம் பண்ணுகிறேன். அதை மட்டும் தூரத்தில் இருந்து செய்யலாம்.

இங்கே சனிக்கிழமை பூட்ஸை இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். கோபத்தோடுதான். நிறுத்தத் தெரியவில்லை.

மச்சான்


ஏப்ரல் 24

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை யானை பக்கத்தில் நின்று படித்தேன். அடுப்புக்காரர், "என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் போய்விட்டது. "தட்டு" என்றா கூப்பிடுகிறார்கள்? உங்களையா? எனக்கு அழுகை அழுகையாக வந்தது. போன கடிதத்தில் நான் வாய்க்கு வந்தபடி எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரச் சனிக்கிழமை தராசின் பூட்ஸை எடுத்தேன். இத்தனை வாரத்து மாவும் காய்ந்து கல்லாக இருந்தது. தண்ணீர் ஊற்றுவதற்குள் அவன் வெறுங்காலோடு ஓடி வந்துவிட்டான்.

"வை கீழே."

"கழுவித் தர்றேன்டா."

"யாரு பாக்கறதுக்கு?"

டீக் கிளாஸோடு எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. "உங்க ஆண்டவர் காலைக் கழுவினாரு, சரி. நானும் கேட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி அவங்ககூட ஊர் ஊரா நடந்தாரு இல்ல? நீ மாஸ்டர் ஆனதுலேர்ந்து எங்கூட எங்க நடந்தே? பேசக்கூட இல்ல. மாவு ஏன் எழும்பலன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நடக்காத காலை எதுக்குக் கழுவுறே?" என்றான்.

அவ்வளவு பேர் முன்னாலும் மூக்கு உடைந்தது. எழுந்து போயிருப்பேன், மச்சான். உங்கள் கடிதம் சட்டைப் பையில் இல்லாவிட்டால் நிச்சயம் எழுந்து போயிருப்பேன். அங்கேயே கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து, "சரி, இப்ப கேக்கறேன். ஏன் எழும்பல?" என்றேன்.

"தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினே. ஈஸ்ட் செத்துப்போச்சு. அது உனக்கே தெரியும்."

எனக்கே தெரியும். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் ஊற்றினேன். ஊற்றும்போதே தெரியும். அதனால்தான் அவன் மேல் அவ்வளவு கோபம்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போனேன். தராசை அனுப்ப வேண்டாம் என்றேன். மாவு கெட்டது என்னால்தான், பழியை ஈஸ்ட் மேல் போட்டேன், அவன் சொன்னதுதான் உண்மை என்றேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்போ உண்மையைச் சொல்றவனே மாஸ்டரா இருக்கட்டும். நீ மாவு பிசையப் போ" என்றார்.

பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரி, "உங்களுக்கு என்ன பைத்தியமா? வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துட்டு வந்து நிக்கிறீங்க" என்று கத்தினாள். அப்புறம் சாப்பாடு போட்டாள். இரண்டாவது தடவை கேட்காமலே போட்டாள்.

மாஸ்டர் இல்லாத,
மாப்பிள்ளை


மே 5

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். என் தட்டு விஷயம் வருகிற இடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் கெட்டிக்காரி, கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். போய்ப் பேரனுக்குச் சட்டையை உள்வெளியாகத் திருப்பி மாட்டினாள், கழற்றி மறுபடி மாட்டினாள்.

நான் மாஸ்டராக இருந்த காலம் முழுவதும் இப்படி முதலாளி அறைக்குள் போய் என் தப்பை நானே சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்திருக்கும். நீ என்னைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறாய். பதவி போனதற்கு வருத்தப்படாதே என்று சொல்ல மாட்டேன். போனால் வலிக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா?

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. தராசு சனிக்கிழமை பூட்ஸ் கழுவுகிறானா? குழாயடியில் அந்த வழுக்குக் கல் இன்னும் இருக்கிறதா? அதில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும், திட்டிக்கொண்டே உட்காருவேன். இப்போது அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

மச்சான்


மே 19

மச்சானுக்கு,

கல் இருக்கிறது. பூட்ஸ் கழுவுவது நின்றுவிட்டது.

முதல் சனிக்கிழமை எல்லோரும் தராசையே பார்த்தோம். அவன் குழாயடிக்குப் போனான், தன் பூட்ஸை மட்டும் கழுவினான், திரும்பி, "அவங்கவங்க கழுவிட்டு சீக்கிரம் வீட்டுக்குப் போங்கப்பா" என்றான். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்! எனக்கு மட்டும், உங்கள் சனிக்கிழமைகள் அவ்வளவுதானா என்று இருந்தது.

ஆனால் ஒன்று. காலையில் அவன் நிறுக்கிற மேஜையில் நிற்பதில்லை. ஒவ்வொருத்தர் பக்கத்திலும் போய் நிற்கிறான். அடுப்புக்காரரிடம் அவர் கண் வைத்தியத்தைப் பற்றிக் கேட்கிறான். என்னிடம், "பொண்ணுக்குக் காய்ச்சலாமே, விட்டுடுச்சா?" என்கிறான். நான் அவனிடம் சொல்லவே இல்லை, யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. பூட்ஸ் கழுவுவதைவிட இதற்கு அதிக நேரம் ஆகிறது.

நேற்று அவனும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். உங்களைப் பற்றிக் கேட்டான். நன்றாக இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்து, முடியாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு, பூட்ஸை எறிவது, நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டு எழுதியது, எல்லாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கொண்டே நடந்தவன் சொன்னான்: "எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, உன் மச்சான் ஷிப்ட் முடிஞ்சு நேரா அங்க வருவாரு. உள்ள விட மாட்டாங்க. எங்கூடவே படிக்கட்டுல உக்காந்திருப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. அப்பா போற வரைக்கும் வந்தாரு. அவர் பூட்ஸ் கழுவுறப்ப எனக்குக் கூச்சமாத்தான் இருக்கும், ஒரு நாளும் பிடிச்சதில்ல. ஆனா அந்த மனுஷன் கழுவலாம்னு விட்டேன்." உங்களுக்கு இது ஞாபகம் இருக்கிறதா, மச்சான்? என்னிடம் நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வீட்டு முனை வந்ததும் நின்றான். "அடுப்புக்காரருக்குக் கண் சரியில்லை. அவர் பக்கத்துல ஒரு ஆள் வேணும். முதலாளிகிட்ட பேசிட்டேன். உன் மச்சானை வரச் சொல்லு" என்றான். இரண்டு எட்டு வைத்துவிட்டு, திரும்பி, "மாஸ்டரா இல்ல. என் கீழ. அதையும் எழுதிடு" என்றான்.

எழுதிவிட்டேன். அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே.

மாப்பிள்ளை


மே 28

மாப்பிள்ளைக்கு,

படிக்கட்டு எனக்கு ஞாபகமே இல்லை. உன் அக்காவைக் கேட்டேன். "தினமும் லேட்டா வருவீங்க, எங்க போனீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க. அதுதானா அது?" என்றாள். நான் மறந்துபோனதை அவன் வைத்திருந்திருக்கிறான். கடிதத்தை வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

பேரனைப் பகலில் பார்த்துக்கொள்ள இங்கேயே பக்கத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பெண்ணும் சரி என்றுவிட்டாள். உன் அக்கா நேற்றே பெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள், என்னைக் கேட்கவில்லை.

முதல் வேலையாக அடுப்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தராசிடம், வருகிறேன் என்று சொல். அவன் கீழே என்றால் அவன் கீழே. ஒரே ஒரு கஷ்டம். வாய் தவறித் தராசு என்று வந்துவிடக் கூடாது. நேற்றிலிருந்து தட்டு கழுவிக்கொண்டே தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன்: "சரிங்க, மாஸ்டர்." முதலில் தொண்டையில் சிக்கியது. இன்று காலை சிக்கவில்லை.

மச்சான்